களஞ்சியத்தின் கிழக்குச் சுவர்

உத்திரமேரூர் பஸ்ஸுக்கு நேரம் மூன்று ஐம்பது. அன்று அது மூன்று நாற்பத்தாறுக்கே கிளம்பிவிட்டது.

சுகிர்தா சாலவாக்கம் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டியபோது பஸ்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்து எழுதிப் போக வந்த என்ஜினீயர் அவள். வயது இருபத்தேழு. தோளில் பை, கையில் அளவு டேப். குடை இல்லை. அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு.

வானம் அதுவரை பொறுக்கவில்லை. ஆடி மழை. முதலில் நாலு சொட்டு... அப்புறம் மொத்தமாக.

ஓடினாள். காலனியின் கடைசி வீட்டுக்கு அப்பால் ரோட்டோரம் ஒரு பெரிய கட்டடம் நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டிய பழைய சுவர், மூன்று ஆள் உயரம். அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை. கதவும் இல்லை. ஓட்டுக்கூரை மட்டும் இரண்டடி வெளியே நீண்டிருந்தது. அதன் கீழே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? ஜன்னல் மேல சாஞ்சிக்கினு கீறீங்க."

திரும்பினாள். சுவரில் சாக்பீஸால் போட்ட ஒரு கட்டம். கட்டத்துக்கு நடுவில் அவள். எதிரே ஒருவன், கையில் சுத்தியும் உளியும். முப்பது வயது இருக்கலாம். மழைத்துளி ஒன்று அவன் இமையில் நின்றது... விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல். அந்தக் கண்களில் கோபம் இல்லை. சிரிப்பு இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

"ஜன்னலா? எங்க?"

"இனிமேதான் வரப்போவுது."

அவள் கட்டத்தைப் பார்த்தாள். சுவரின் மூலையைப் பார்த்தாள். கண்ணாலேயே அளந்தாள்.

"மூலையிலேர்ந்து ஒன்றரை அடியில வெட்டினா மொத்த மூலையும் உங்க தலை மேலதான் வரும். யாரு சொன்னது இந்த இடத்த?"

"யூடியூப்ல பாத்தேன்."

"அந்த ஆளு ஆஸ்பத்திரிக்கும் வருவாரா?"

பின்னால் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நின்ற மேஸ்திரி வேதகிரி சத்தமாகச் சிரித்தார். "காலையிலேர்ந்து நானும் இதத்தான் சொல்லிக்கினு கீறேன் மேடம். தம்பி கேட்டாதானே?"

"நீ எப்போ சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

சுகிர்தா குனிந்தாள். சுவரின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொந்துகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எல்லாவற்றிலும் சிமெண்டு அடைத்திருந்தது.

"இத யாரு அடைச்சது?"

"நான்தான். பாம்பு வருதுன்னு."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆவுது."

"செவுத்துல ஈரம் ஏறி கீதே, எப்போலேர்ந்து?"

அவன் யோசித்தான். "அதுவும்... ஒரு ரெண்டு வருஷமாத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த முகம் போன போக்கைப் பார்த்து அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கக்கூடாது.

"தரைக்கு அடியில காத்து போய் வரத்தான் இந்தப் பொந்து. நெல்லு புழுங்காம இருக்க வெச்சது. கம்பி வலை அடிச்சா பாம்பு வராது. சிமெண்டு அடைச்சா செவுரே போயிடும்."

"நீங்க யாருங்க?"

"பஸ்ஸ வுட்டவ."

அவன் பெயர் சுகுமார். அவனுடைய முப்பாட்டன் கட்டிய நெல் களஞ்சியம் அது. இப்போது அறுப்பு மெஷினிலிருந்து நெல் நேரே லாரிக்குப் போய்விடுகிறது. களஞ்சியத்தில் டிராக்டர் டயர்தான் இருக்கிறது. கூரை மரத்தை ஒரு வியாபாரிக்குக் கொடுப்பதாக அவன் அப்பா தாமோதரன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆவணிக்குள் இதற்கு ஒரு உபயோகம் சொன்னால் கட்டடம் நிற்கும். இல்லாவிட்டால் இடிப்பு. அதற்காகத்தான் எட்டு ஜன்னல் வைத்து ஒரு மினி ஹால். காதுகுத்து, நிச்சயதார்த்தம், அந்த மாதிரி.

"உள்ள வந்து பாக்குறீங்களா?" என்றான். இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை.

"கதவு எங்க?"

"அந்தப் பக்கம். எங்க வூட்டு வாசல் வழியாதான் போவணும்."

சுற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாமோதரன் பேப்பரை இறக்கினார்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

"பெருநகர்ங்க."

"பெருநகர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.

"காலனி."

அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான். சுகிர்தா சுகுமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

களஞ்சியத்துக்கு வாசல் ஆறடி உயரத்தில் இருந்தது. அதில் பாதி உயரத்துக்குக் குறுக்காகப் பலகைகள் செருகியிருந்தன. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறி அந்தப்பக்கம் குதித்தாள்.

உள்ளே இருட்டு. மேலே ஓட்டில் மழை. அறுபது அடி நீளம், ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை. வெளியே தென்னை மரங்கள் தலைவிரித்து ஆடுவதைப் பலகைச் சந்தில் பார்க்க முடிந்தது. அவள் காலடியில் ஒரு புறா இறகு கிடந்தது. எடுத்தாள். கையை உயர்த்தி விட்டாள். நேராக விழுந்தது. மறுபடி எடுத்து விட்டாள்... மறுபடியும் நேராகவே.

"இன்னா பண்றீங்க?"

"வெளிய இந்தக் காத்து அடிக்குது. உள்ள ஒரு இறகு அசையல, பாருங்க."

அவன் பார்த்தான். இறகை அல்ல.

"பிளஸ் டூ படிக்கும்போது ஷட்டில் ஆடுவேன்" என்றாள். "மாவட்ட ஃபைனல். திறந்த மைதானம். பத்தொம்போது இருபது. கடைசி அடி லைன்லதான் விழுந்திருக்கணும். காத்து தூக்கிக்கினு போயிட்டுது. ஆளுகிட்ட தோக்கல நான். காத்துகிட்ட தோத்தேன்."

டேப்பை அவனிடம் நீட்டி ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். நடந்தாள். நின்றாள். திரும்பி நடந்தாள்.

"கோர்ட்டுக்கு நாப்பத்தி நாலு அடி நீளம், இருபது அடி அகலம் போதும். சுத்திலும் இடம் மீதி கீது. குறுக்கு உத்திரம் கொஞ்சம் தாழ்வுதான். ஊர் ஆட்டத்துக்குப் பரவாயில்ல. ரெண்டு ஓரத்துலயும் கண்ணாடி ஓடு போட்டா வெளிச்சம் வந்துடும்."

"அப்போ ஜன்னலு?"

"ஜன்னல் வேணாம்னு கட்டின கட்டடத்துல போய் எட்டு ஜன்னல் வெட்டுறீங்களே... ஜன்னல் வேணாம்ங்கிற வேலைய இதுக்குக் குடுங்க."

அவன் டேப்பின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அரையிருட்டில் அந்தக் கண்கள் மட்டும்... அவள் டேப்பைச் சுருட்டினாள். சுருட்டச் சுருட்ட அவன் கிட்டே வந்தான். கடைசி அடியில் முனையை விட்டான்.

ஐந்தேகால் பஸ்ஸையும் அவள் விட்டாள். அதற்கு மழை காரணம் இல்லை.

பிளான் போட இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு நாளில் முடிகிற வேலை என்று அவளுக்கே தெரியும். அளவு சரிபார்க்க என்று மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் வேதகிரி, "இன்னா மேடம், களஞ்சியம் ராவுல வளருதா?" என்று கேட்டார்.

அவள் புதுக் கதவைக் கிழக்குச் சுவரில் போட்டிருந்தாள். ரோட்டுப் பக்கம். காலனிப் பக்கம். நாலடி அகலம், தரையோடு தரையாக.

தாமோதரன் ஷட்டிலுக்குச் சம்மதித்தார். "ஹாலுன்னா எச்சி இலை பொறுக்கணும். இது தேவல" என்றார். பிறகு பிளானில் கிழக்குச் சுவரின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் எதுக்கு? நம்ம வாசல் பக்கமே வெச்சிக்கோ. யார் வர்றான், யார் போறான்னு தெரியணும்ல."

அதற்கு மேல் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சுகுமார் போன் செய்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் இருக்கிறேன், உடனே வாருங்கள் என்றான். போனாள். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"முடிஞ்சிது! கிழக்குலதான் கதவு. நைனாவே சொல்லிட்டாரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படி?"

"காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு வாஸ்து ஆளக் கூட்டியாந்தேன். இன்னா சொல்லணும்னு பஸ்லயே சொல்லிக் குடுத்துட்டேன். கிழக்கு வாசல்தான் உச்சம், மேற்குல வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரே போடு. நைனா ஆடிப்போயிட்டாரு. அந்த ஆளுக்கு நாட்டுக்கோழி வேற அடிச்சிப் போட்டாரு."

சாத்துக்குடி ஜூஸ் வந்தது. அவள் தொடவில்லை.

"அப்போ அது சூரியனுக்கு வெச்ச கதவு" என்றாள்.

"இன்னா?"

"எங்களுக்கு இல்ல. சூரியனுக்கு."

"எப்படியோ ஒண்ணு... கதவு வந்துச்சில்ல?"

"நாளைக்கு உங்க நைனா அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டா? காலனி புள்ளைங்க வரக்கூடாதுன்னா? அப்போ எந்த வாஸ்து ஆளக் கூட்டியாருவீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"எங்க அம்மா அறுப்புக்கு லாரில ஏறி உங்க ஊருக்கு வந்து கீறாங்க. அந்த ஏணில ஏறி கூடை கூடையா நெல்லு கொட்டி கீறாங்க. உள்ள எப்படி இருக்கும்னு இந்தப் பிளானப் பாத்துதான் தெரிஞ்சிக்கினாங்க. அன்னிக்கு உங்க நைனா எந்தப் பக்கம்னு கேட்டப்போ... நீங்க தரையப் பாத்தீங்க. நான் பாத்தேன், நீங்க பாத்தத."

ஜூஸ் கடை மிக்சி ஓடி நின்றது.

"யாருக்குக் கதவுன்னு அவருகிட்ட சொல்லுங்க. சொன்னப்புறம் என்னைக் கூப்பிடுங்க. சொல்ல முடியலன்னா கூப்பிடாதீங்க."

எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

ஒன்பது நாள். போன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. திமிர் பிடித்தவன்... என்று நினைத்தாள். நான் மட்டும் என்ன... என்றும் நினைத்தாள். அந்த இமையில் நின்ற துளி நினைவுக்கு வந்தது. அதைத் துரத்தினாள். போகவில்லை.

பத்தாம் நாள் காலை வேதகிரி கூப்பிட்டார்.

"மேடம், செவுரு ஒடைக்கிறோம் இன்னிக்கு. மேல கருங்கல் உத்திரம் ஏத்தி முட்டுக் குடுத்துட்டேன், நீங்க பிளான்ல போட்டாப்புல. ஆனா நீங்க வந்து கோடு போட்டாதான் ஒடைக்கணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்குது. ஒன்பது நாளா ஒரே பேஜாரு மேடம். சோறு துன்னுதோ இல்லையோ..."

சுவருக்காகத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது கண்ணாடியில் இரண்டு முறை பொட்டு இல்லாத நெற்றியைச் சரிபார்த்தாள். அங்கே சரிபார்க்க ஒன்றும் இல்லை.

கிழக்குச் சுவர் எதிரே கூட்டம். பூசணிக்காய், எலுமிச்சை, கற்பூரம். தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி கோவிந்தம்மாள். ரோட்டின் இந்தப்பக்கம் காலனிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் நின்றவள் செங்கேணி. சாலவாக்கத்தில் யார் வயலில் நடவு என்றாலும் ஆள் சேர்ப்பது அவள்தான்.

சுகுமார் சுகிர்தாவைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் தரையைப் பார்க்கவில்லை. நேரே அப்பாவிடம் போனான்.

"நைனா. ஒடைக்கிறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்."

"அப்பால சொல்லு. நேரம் போவுது."

"இப்பதான் சொல்லணும். அந்த வாஸ்து ஆளுக்கு இன்னா பேசணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவரு சொன்னது ஒண்ணும் நெசம் இல்ல."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கதவு வாஸ்துக்கு இல்ல நைனா. தோ, நிக்கிறாங்களே, இவங்களுக்கு. இவங்க வூட்டுப் புள்ளைங்க இந்த வழியா வரும், ஆடும், போவும். நம்ம தெரு புள்ளைங்களும் இதே வழியாதான் வரும். பூட்டு கெடையாது. நம்ம வாசலச் சுத்திக்கினு யாரும் வர வேண்டியதில்ல. நீ வாணாம்னா இப்பவே சொல்லிடு. மரக்காரனுக்கு நானே போன் பண்றேன். இடிச்சிக்கினு போவட்டும். யார் வரான்னு எட்டிப் பாத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு கட்டடம் எனக்கு வாணாம்."

தாமோதரன் மகனையே பார்த்தார். முகம் சிவந்தது.

"அந்த ஆளுக்கு நாட்டுக்கோழி அடிச்சிப் போட்டேனேடா!"

செங்கேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டது.

கோவிந்தம்மாள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "சொல்லுய்யா. வாணாம்னா வாணாம்னு சொல்லு. அவங்க மூஞ்சப் பாத்துச் சொல்லு."

அவர் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. எல்லாம் பேர் தெரிந்த முகம். வருகிற வியாழக்கிழமை அவருடைய மூன்று ஏக்கரில் இறங்கப் போகிற முகங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து ஆயிரம் முறை சொன்ன சொல்தான். வாசலில் நின்று பிளானின் மேல் விரலை வைத்துச் சொன்ன சொல்தான். அவர் வாய் திறந்தது... மூடிக்கொண்டது. சொல் வரவில்லை. ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வராது என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

"ராவுகாலம் வரப்போவுது" என்றார், யாரிடமோ. "இன்னா எல்லாம் நின்னுக்கினு கீறீங்க? ஒடைங்கடா."

பூசணிக்காய் உடைந்தது.

சுகிர்தா சுவரிடம் போனாள். சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டாள். ஆயிரம் கோடு போட்ட கை. அன்று இரண்டு முறை அழித்துப் போட்டது. வேதகிரி கடப்பாரையை அவளிடமே நீட்டினார். குத்தினாள். சுண்ணாம்பு தூளாய்ப் பறந்தது. இன்னொரு குத்து. அதற்குள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை.

"குடும்மா. நானும் ஒண்ணு வைக்கிறேன்."

செங்கேணி. நடவுக்காரி குத்திய குத்தில் செங்கல் பிளந்தது. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. கடப்பாரை கை மாறிக்கொண்டே போனது. "மொள்ளமா! மொள்ளமா! கோட்டுக்குள்ள!" என்று வேதகிரி கத்தியதை யாரும் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு ஒரு செங்கல் உள்பக்கமாக விழுந்தது. கையகலப் பொத்தல். அதன் வழியாக வெளிச்சம் களஞ்சியத்துக்குள் பாய்ந்தது. பெண்கள் கத்திய கத்தலில் கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்தன.

தூசிக்குள்ளிருந்து சுகுமார் வந்தான். இமை எல்லாம் வெள்ளை.

"சொல்லிட்டேன்" என்றான். "கூப்பிடலாமா இனிமே?"

"வந்துட்டேனே" என்றாள்.

தை பிறந்து முதல் சனிக்கிழமை கோர்ட்டைத் திறந்தார்கள். தரையில் பச்சை, அதில் வெள்ளைக் கோடு. இரண்டு ஓரக் கூரையிலும் கண்ணாடி ஓடு. சுவரடிப் பொந்துகளில் கம்பி வலை. சுவர் காய்ந்து செங்கல் நிறம் ஏறியிருந்தது. காலையிலிருந்து இரண்டு தெருப் பெண் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆடினார்கள். செங்கேணியின் மகள் மட்டையைப் பிடித்த விதத்தைப் பார்த்து, "இவ எங்கியோ போவப் போறா" என்று சுகிர்தா சொன்னாள். தாமோதரன் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அவுட்டு! அவுட்டு!" என்று தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரோடு சண்டை போட்டார்கள். அவரும் விடவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கோர்ட்டில் இரண்டு பேர்.

"ஒரு ஆட்டம்?" என்றான்.

"தோத்துடுவீங்க."

"தெரியும்."

வெறுங்காலோடு ஆடினாள். பிளஸ் டூவுக்குப் பிறகு இன்றுதான். எங்கே அடித்தாளோ அங்கே விழுந்தது பந்து. தூக்கிப் போக ஒரு காற்றும் இல்லை. இருபத்தொன்று நாலு.

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "அந்த நாலு பாயிண்டும் நீங்க வுட்டுக் குடுத்தது."

"மூணுதான். ஒண்ணு நீங்களே எடுத்தீங்க."

"எது?"

"சொல்ல மாட்டேன்."

சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் இருவரும் வலையை விட்டுப் போகவில்லை. ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் அவன் முகத்தில் பாதியைத் தொட்டது.

"ஒரு பொய் சொல்லியிருக்கேன் உங்ககிட்ட" என்றான்.

"எத்தனாவது?"

"கார்த்திகை மாசம் கண்ணாடி ஓடு ஒழுவுதுன்னு மூணு வாட்டி கூப்பிட்டேனே... அது ஒழுவவே இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"நான் வெச்ச ஓடு. ஒழுவாது."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"மூணு வாட்டியும் வந்தேனே..."

அவன் மட்டையைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். அன்று அப்பாவுக்கு எதிரே நின்றதுபோலவே நின்றான்.

"சுகிர்தா. எனக்கு உன்னத் தவிர யாரும் வாணாம். கட்டிக்கினா உன்னத்தான். நைனாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். கத்தினாரு. கத்தி முடிச்சிட்டு, அந்தப் பொண்ணு ஒத்துக்குமாடான்னு கேட்டாரு."

அவள் வலைக்கு அந்தப்பக்கம் அவனைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. இறகுப்பந்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல ஆராதனை முடிஞ்சி அம்மா பத்தரைக்கு வூட்டுக்கு வந்துடுவாங்க. அந்நேரம் எங்க தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம வெளியதான் உக்காந்துக்கினு இருப்பாங்க. அத்தினி பேரு எதிருலயும் நடந்து வந்து, எங்க அம்மாகிட்ட கேக்குறீங்களா?"